ஒரு தேதிக்கு ஒரு பதிவு

என் வேலை, மற்றவர்கள் எழுதியதில் வழுக்குகிற சொற்களைப் பிடிப்பது. இதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் எங்கள் மென்பொருள் அலுவலகம். வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று முதலில் ஒரு ஆவணம் எழுதுவார்கள். அதைப் பார்த்துத்தான் புரோகிராம் எழுதப்படும். நடுவில் அந்த ஆவணம் என் மேசைக்கு வரும். 'வேகமாகத் திறக்க வேண்டும்' என்றிருந்தால், எத்தனை விநாடியில் என்று ஓரத்தில் எழுதுவேன். 'தேவைப்பட்டால்' என்றிருந்தால், யாருக்கு? 'முதலியவை' என்றிருந்தால், மீதி என்னென்ன? 'பயன்படுத்த எளிதாக' என்றிருந்தால் நாற்காலியை விட்டு எழுந்து, வராந்தாவில் இரண்டு நடை நடந்துவிட்டு வந்து, எளிது என்று யார் சொல்ல வேண்டும் என்று கேட்பேன். அலுவலகத்தில் என்னை யாரும் டீ குடிக்கக் கூப்பிடுவதில்லை. எப்போது, எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்பேனோ என்று பயம்.

இதற்கு முன்னால் சிதம்பரத்தில் ஒரு அச்சகத்தில் பல வருடம் பிழை திருத்தினேன். காதுகுத்துப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பல்கலைக்கழகத்துக்காரர்களின் ஆய்வேடு. ஒவ்வொரு தாளும் என்னை ஏமாற்றத்தான் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படிக்கக் கற்றது அங்கேதான். அந்தச் சந்தேகம் வீட்டுக்கும் கூடவே வரும். காலையில் சிதம்பரத்தில் ரயில் ஏறினால் கடலூர் வரும்வரை எதிர் சீட்டுக்காரரின் தினசரியைத் தலைகீழாகவே படித்துத் திருத்திக்கொண்டு வருவேன். உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் பரவாயில்லை.

சிதம்பரத்தில் கீழ வீதியை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபம் எங்களிடம் வந்தது. மண்டபத்தை ஜனங்கள் போனிலேயே பதிவு செய்துகொள்ளும்படி ஒரு புரோகிராம் வேண்டும் என்றார்கள். ஆவணம் தமிழில் இருக்க வேண்டும் என்பது முதலாளியின் நிபந்தனை. படிக்க முடியாத தாளில் அவர் கையெழுத்துப் போட மாட்டாராம். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது.

தமிழ் ஆவணம் என்பதால், வழுக்குகிற தமிழ்ச் சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டேன். கூடுமானவரை, ஏறக்குறைய, உடனுக்குடன், தகுந்த, போதுமான, வழக்கம்போல். பட்டியல் நீண்டுகொண்டே போனது. எனக்கு எதிர்மேசையில் உட்கார்ந்து புரோகிராம்களைச் சோதித்துப் பார்க்கும் பெண் அதை ஒரு சின்னக் கருவியாகச் செய்து கொடுத்தாள். ஆவணத்தை அதில் போட்டால், பட்டியலில் உள்ள சொல் வரும் இடமெல்லாம் மஞ்சள் பூசிக் காட்டும். அவள் கடலூர் முதுநகர். அப்பா ரயில்வேயில் சிக்னல் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் உடைத்துப் பார்க்காமல் நம்பாத பெண். எனக்கு ஏற்ற ஆள்.

விவரம் சேகரிக்க மண்டபத்துக்கு நான்தான் போனேன், வீட்டிலிருந்து நடக்கிற தூரம். மேனேஜர் தன் பதிவு நோட்டைக் காட்டினார். ஒரு பக்கத்துக்கு ஒரு மாதம், ஒரு கட்டத்துக்கு ஒரு நாள். கட்டங்களின் மேல் சிவப்புப் பேனாவில் சாய்கோடுகள். ஒவ்வொன்றும் ஒரு கட்டத்தின் நடுவில் தொடங்கி அடுத்த கட்டத்தின் நடுவில் முடிந்தது. அவர் டிக் போடுகிற பாணி அது என்று நினைத்தேன். கை வீச்சு கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான். எதையும் கேட்கிற நான் அதை மட்டும் கேட்கவில்லை.

ஆவணத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வரிகளில் சண்டை போட்டேன். 'போதுமான நாற்காலிகள்' என்பதை எண்ணிக்கையாக்கினேன். 'முன்கூட்டியே ரத்து செய்தால்' என்பதற்கு எத்தனை நாள் முன்னால் என்று மூன்று முறை போன் செய்தேன். ஒரே ஒரு வரியைப் பார்த்துத்தான் மனம் நிறைந்தது. 'ஒரு தேதிக்கு ஒரு பதிவு மட்டுமே ஏற்கப்படும்.' மஞ்சள் ஒரு பொட்டுகூட விழவில்லை. மழை விட்ட மறுநாள் கெடிலம் ஆற்றுக்கு மேலே தெரிகிற வானம்போல வெறுமையாக, தெளிவாக இருந்தது அந்த வரி. இரண்டு முறை படித்துவிட்டுப் பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

புரோகிராம் வேலைக்கு வந்ததும் முதல் பதிவு எதிர்மேசைப் பெண்ணுடையது. தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சிதம்பரம். கப்பலில் வேலை. சனிக்கிழமை கல்யாணம், திங்கட்கிழமை கிளம்ப வேண்டும், திரும்பி வர எட்டு மாதம். மாலை நான்கு மணிக்குச் சிதம்பரத்தில் சர்ச்சில் கல்யாணம், அதை முடித்துக்கொண்டு மண்டபத்தில் வரவேற்பு. போனில் பச்சை எழுத்தில் 'உங்கள் பதிவு உறுதி செய்யப்பட்டது' என்று வந்ததும் அலுவலகம் முழுக்கக் காட்டினாள்.

"நம்ம புரோகிராம்ல நம்ம கல்யாணம், சார்."

வாழ்த்துகிறேன் என்று சொன்னேன்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது மேடையைப் பார்க்க அவளும் அவள் அப்பாவும் சிதம்பரம் வந்தார்கள். மண்டபத்துக்காரர்களைத் தெரியும் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். கீழே சமையற்கட்டில் ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு அண்டாவாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கல்யாணத்துக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்குச் சமைக்க வரும் மாஸ்டர்.

"சனிக்கெழம மூணு மணிக்கு அடுப்பு பத்த வெக்கணும். தண்ணி டேங்க் ரொப்பி வெக்க சொல்லுங்க," என்றார், எங்களை மண்டபத்து ஆட்கள் என்று நினைத்து.

"ஞாயித்துக்கெழமைதான உங்குளுது?" என்றாள் அவள்.

"மூர்த்தம் ஞாயித்துக்கெழம. பொண்ணழைப்பு சனிக்கெழம சாயங்காலம். அறுநூறு எலை டிபன்."

"சனிக்கெழம சாயங்காலம் எங்க வரவேற்புங்க."

மாஸ்டர் கையில் இருந்த அண்டாவை மெதுவாகக் கீழே வைத்தார். "அப்ப ஒண்ணு நீங்க வரக்கூடாது, இல்ல நாங்க வரக்கூடாது," என்றார். ஒரு சொல்லும் வழுக்கவில்லை.

மேனேஜர் வந்தார். கம்ப்யூட்டரைத் திறந்தார். சனிக்கிழமை ஒரு பதிவு, ஞாயிற்றுக்கிழமை ஒரு பதிவு. ஒரு தேதிக்கு ஒன்று. புரோகிராம் சொன்னதைச் செய்திருந்தது.

"மூர்த்தம் எந்தத் தேதியோ அதான் சார் தேதி. மொத நாள் மத்தியானம் மூணு மணிக்கு சாவி குடுப்போம். மூர்த்தத்தன்னிக்கு மூணு மணிக்கு சாவி வாங்கிப்போம். முப்பது வருசமா இதான்."

"இதை நீங்க என்கிட்ட சொல்லவே இல்லியே," என்றேன்.

"இதை யாராவது சொல்லுவாங்களா? சோறு வாயால துன்றதுன்னு எழுதிக்கிட்டா இருக்காங்க?"

"அப்ப எங்க சனிக்கெழமையப் பாத்து இன்னா நெனச்சீங்க?" என்று கேட்டாள் அவள்.

"சனிக்கெழம காலைல மூர்த்தம்னு நெனச்சேம்மா. வெள்ளிக்கெழம வருவீங்க, சனிக்கெழம மத்தியானம் காலி பண்ணிருவீங்க, அவுங்க உள்ள வருவாங்கன்னு."

"வெள்ளிக்கெழம நாங்க இன்னாத்துக்கு வரப்போறோம்? சர்ச்சுல கல்யாணமே சனிக்கெழம நாலு மணிக்கு."

மேனேஜர் பீரோவைத் திறந்து பழைய நோட்டை எடுத்தார். இரட்டை வேலை வேண்டாம் என்று முதலாளி சொன்னதால் அதில் எழுதுவதை நிறுத்தியிருந்தார். சிவப்புச் சாய்கோடு ஒன்றின் மேல் விரலை வைத்து, முதல் நாள் கட்டத்தின் பாதியிலிருந்து மறுநாள் கட்டத்தின் பாதிவரை இழுத்துக் காட்டினார். சர்ச் வரவேற்பு என்றால் கோடு போடுவதில்லையாம். அரைக் கட்டத்துக்கு வட்டமாம். நோட்டில் வட்டங்களும் இருந்தன. நான் வட்டங்களைப் பார்க்கக்கூட இல்லை.

என் கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. முதல் நாள் மாலையே மண்டபத்தில் மாலையும் கழுத்துமாக நின்றேன். பத்திரிகையில் மறுநாள் தேதி இருந்தது. அச்சகத்தில் அந்த மாதிரிப் பத்திரிகைகளை எத்தனையோ திருத்தியிருக்கிறேன். எதிர்மேசைப் பெண் தன் சர்ச்சில் பார்த்த எல்லாக் கல்யாணமும் ஒரே நாளில் தொடங்கி அதே நாளில் முடிந்தவை. அவரவருக்கு அவரவர் தேதி தெரியும். தெரிந்ததை யாரும் எழுதவில்லை. எழுதாததற்கு மஞ்சள் பூசக் கருவியில் வழியில்லை.

அவள் அப்பா மண்டபத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுவர்க் கடிகாரம் நாலு நிமிஷம் முன்னால் போகிறது என்றார். அன்று அவர் பேசியது அது ஒன்றுதான்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அவள் என்னிடம் கேட்டாள். "சார், இது நம்ம தப்பா, அவுங்க தப்பா?"

"நம்ம தப்பு."

"நம்மன்னா, நீங்களா நானா?"

"நான்."

"ஒரே தேதிக்கு ரெண்டு பேரப் போட்டுப் பாத்தேன் சார், ஏத்துக்கல. போன வருசத்துத் தேதி போட்டுப் பாத்தேன், ஏத்துக்கல. பிப்ரவரி முப்பது போட்டுப் பாத்தேன், அதையும் ஏத்துக்கல." அவள் குரல் அங்கேதான் உடைந்தது, பிப்ரவரி முப்பதில்.

வேறு மண்டபம் தேடினோம். தை மாதம். சிதம்பரத்தில் அந்தச் சனிக்கிழமை எதுவும் காலியில்லை. நாள் தள்ள முடியாது, கப்பல் நிற்காது. இரண்டு வீட்டிலும் பத்திரிகை கொடுத்தாயிற்று. அடுத்த ஞாயிறு மதியம் இரண்டு வீட்டாரையும் மண்டபத்து அலுவலக அறையில் உட்கார வைத்தார் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணப் பெண்ணின் அப்பா ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். பேச வந்தவர் பெண்ணின் தாய்மாமன். பண்ருட்டியில் பலாப்பழ மண்டி வைத்திருப்பவர். லாரிக்கு மேலே நிற்கிற ஆளோடு கீழேயிருந்து பேசிப் பழகிய குரல்.

"யாருப்பா இதை எழுதுனது?"

"நான்தான் மாமா."

"படிச்சவனாட்டம் இருக்கற. கல்யாணம்னா மொத நாள் சாயங்காலம்னு ஒண்ணு இருக்குதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் மாமா."

"தெரிஞ்சுமா எழுதல?"

"தெரிஞ்சதாலதான் எழுதல."

அவர் ஓரமாக இருந்த பெண்ணின் அப்பாவிடம் திரும்பி, "இவன் இன்னா சொல்றான் மச்சான்?" என்றார்.

"புரியல மச்சான். நீயே பேசு," என்றார் அவர்.

யார் முதலில் பதிவு செய்தது என்று பேச்சு வந்தது. எதிர்மேசைப் பெண்தான். ஆனால் எங்களுடையது பஞ்சாங்கத்தில் இருக்கிறது என்றார் மாமா. எங்கள் ஓலை இன்று காலை சர்ச்சில் வாசித்தாயிற்று என்றார் அவள் அப்பா, சிக்னல்காரர். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், மறுப்பு இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். சபையில் ஒருவரும் மறுக்கவில்லை. மறுப்பு பண்ருட்டியிலிருந்து வந்திருந்தது.

எதிர்மேசைப் பெண் குறுக்கே சொன்னாள். "மாமா, எனக்கு மேடை ரெண்டு மணி நேரம் குடுங்க, போதும். அவுரு திங்கக்கெழம கப்பலுக்குப் போறாரு."

"கப்பலா? எத்தினி மாசம்?"

"எட்டு மாசம்."

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "கண்ணாலம் கட்டி ரெண்டே நாளா? எவன்யா அந்தக் கப்பல்காரன்?" என்று மேனேஜரைத் திட்டினார். மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். "சரி. அடுப்படில கவுச்சி ஏறக்கூடாது. விடிஞ்சா தாலி. அது மட்டும் நான் பாத்துக்கணும்."

"சைவமே போட்டுர்றோம்," என்றார் சிக்னல்காரர். முதுநகரிலிருந்து இரண்டு பஸ் நிறைய வரப்போகும் சொந்தக்காரர்களை நினைத்திருப்பார். ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார்.

"எழுதுப்பா," என்றார் மாமா என்னிடம். "இந்தத் தடவ ஒழுங்கா எழுது."

ஒழுங்காக எழுதினேன். 'மாலை 5.30 முதல் 7.45 வரை மேடை முதல் வீட்டாருக்கு. 7.45 முதல் 8.15 வரை மேடை அலங்காரம் மாற்றப்படும். 8.15க்கு இரண்டாம் வீட்டாரின் பெண் அழைப்பு ஊர்வலம் வாசலை அடையும்.' ஒரு மஞ்சளும் விழாது. படித்துக் காட்டினேன்.

"எட்டே காலுக்கு ஊர்வலம் வரலன்னா இன்னா பண்ணுவ, கேஸ் போடுவியா?" என்றார் மாமா. "பேண்டுக்காரன் என்னிக்குயா மணி பாத்து வந்துருக்கான்?"

நிமிஷக் கணக்கு பார்க்கிறவர் சிக்னல்காரர், அவராவது என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். அவர் என் பேனாவை வாங்கி 7.45ஐ அடித்தார். 8.15ஐ அடித்தார். "மணி ஆச்சுன்னு சிக்னல் எறக்கறதில்ல சார். லைன் கிளியராச்சான்னு பாத்துதான் எறக்குவோம்," என்றார். அவர் அடித்த இடத்தில் அவரே எழுதினார். முதல் வீட்டார் மேடையை விட்டு இறங்கியதாகச் சொல்லி அனுப்பியபின், ஊர்வலம் வாசலுக்கு வரும்.

"யார் சொல்லி அனுப்புவது என்று எழுத வேண்டாமா?" என்றேன்.

சிக்னல்காரர் பேனாவை மூடி என் கையில் கொடுத்தார்.

கடைசியில் மாமா 'இரு வீட்டாரும் கூடுமானவரை அனுசரித்துக்கொள்வது' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். கையெழுத்துப் போட்டார்கள். திங்கட்கிழமை அலுவலகத்தில் 'ஒரு தேதிக்கு ஒரு பதிவு' என்ற வரியைத் திருத்தி நான்கு வரியாக எழுதினேன், சாவி கொடுக்கும் நேரம், வாங்கும் நேரம், மாலை மட்டும் வேண்டுபவர்களுக்குத் தனி. நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து, சாய்கோடும் வட்டமுமாக ஆவணத்தோடு சேர்த்தேன். இதெல்லாம் அடுத்த கல்யாணங்களுக்கு. இந்தக் கல்யாணத்துக்கு அந்தக் கிறுக்கிய தாள்தான்.

சனிக்கிழமை பனி சீக்கிரம் இறங்கியது. சர்ச்சில் பிரசங்கம் நீண்டது. மாப்பிள்ளையும் பெண்ணும் மேடை ஏறும்போது ஆறு தாண்டிவிட்டது. முதுநகர் பஸ் இரண்டும் வரவில்லை. வழியில் ஒரு முந்திரி லாரி ரோட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டதாம். மேடைக்குக் கீழே முதல் சில வரிசை மட்டும் ஆள், மீதியெல்லாம் நாற்காலி. அவள் வெள்ளைச் சேலையில் நின்றுகொண்டு ஒவ்வொரு முறை வாசல் திறக்கும்போதும் எட்டிப் பார்த்தாள். பூக்கட்டுகிறவர்கள் இருவர், இரண்டாவது கல்யாணத்துக்கான சாமந்திக் கூடைகளோடு, மேடைப் படியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழேகாலுக்கு பஸ் வந்தது. கூட்டமாக உள்ளே வந்தார்கள். கீழே சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஒரு குரல் மேலே வரை கேட்டது. "மீன் ஊர்லேர்ந்து வந்து சாம்பார் துன்றோம்டா டேய்!" மேடைக்கு வரிசை நின்றது, வாசல்வரை.

ஏழே முக்காலுக்கு என் போன் அடித்தது. பின்னால் பேண்டு. "இன்னாப்பா, வரலாமா? தெற்கு வீதி முனைல நிக்கறோம்."

வரிசையைப் பார்த்தேன். அவளுடைய அத்தைகள் யாரும் இன்னும் மேடை ஏறவில்லை. "லைன் கிளியர் ஆகல மாமா."

"சரி, மேல வீதி வழியா சுத்தி வர்றோம்."

எட்டரைக்கு மறுபடி. "வடக்கு வீதி வந்துட்டோம்பா. பேண்டுக்காரன் வாய் வலிக்குதுன்றான். சீர்த்தட்டு தூக்கற பொம்பளைங்க என்னைத் திட்டறாங்க. பொண்ணு கார்லயே தூங்கிட்டுது."

"இன்னும் பத்து பேர் மாமா."

"பத்தா? ஒன் பத்த நம்ப முடியாதே." ஒரு வெடிச் சத்தம். "சரி விடு. இன்னொரு தடவ தெற்கு வீதி போறோம். ஊர்ல எவனும் எங்க பொண்ணப் பாக்கலன்னு சொல்லக்கூடாது பாரு."

எண்ணினேன். பதினான்கு பேர் இருந்தார்கள். நான் சொல்லவில்லை.

கடைசி அத்தை கவரைக் கொடுத்து, முத்தம் கொடுத்து, போட்டோவுக்கு நின்று இறங்கும்போது ஒன்பதாக ஐந்து நிமிடம். அவள் அப்பா மேடைக்கு எதிரே நின்று என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி இறக்கினார். நான் போன் செய்தேன். பூக்காரர்கள் எழுந்தார்கள்.

அவளும் மாப்பிள்ளையும் சாப்பிடக் கீழே போனபோது அவர்கள் பந்தி முடிந்து, மேசை துடைத்து, ஊர்வலத்தாருக்கு இலை போட்டிருந்தார்கள். முதுநகர்க்காரர்கள் பாத்திரத்தை வழித்துவிட்டார்கள். நான் மாஸ்டரிடம் இரண்டு இலை கேட்டேன். "எல நெறைய இருக்குது. இட்லி அவுங்குளுது. அவுங்களக் கேக்காம நான் வெக்க மாட்டேன்," என்றார். சரியான பேச்சு. இருவரும் படியருகே நின்றார்கள். கிளம்பிவிடலாம், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மாப்பிள்ளை. பேண்டு வாசலுக்கு வந்துவிட்டது, சுவர் அதிர்ந்தது.

மாமா ஊர்வலத்தை விட்டுவிட்டு முன்னால் வேகமாகப் படி இறங்கி வந்தார், சாப்பாடு தயாரா என்று பார்க்க. மேல்துண்டெல்லாம் வெடிப் புகை நாற்றம். வெள்ளைச் சேலையைப் பார்த்து நின்றார்.

"சாப்ட்டியாம்மா?"

"இல்ல மாமா. நாங்க கெளம்பறோம். உங்குளுக்கு லேட்டாயிடுச்சு."

"மூணு வீதி சுத்துனவனுக்கு ரெண்டு எலைல இன்னாம்மா லேட்டு?" மாஸ்டரைப் பார்த்துக் கையைச் சொடுக்கினார். "மொத எலை இவுங்குளுக்கு. மாப்ள, கோட்டக் கழட்டிட்டு குந்து. சட்னி மேல ஊத்திக்கிட்டா கப்பல்ல யாரு தொவைப்பா?"

முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். அடுத்தடுத்த இலைகளில் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பட்டும் பவுடருமாக வந்து அமர்ந்தார்கள். பக்கத்து இலை அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்து, "நீ யார் வூட்டுப் பொண்ணு?" என்று கேட்டார்.

"சனிக்கெழம பொண்ணு," என்றாள்.

அம்மாள் தன் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து அவள் இலையில் வைத்தார். அவள் இரண்டாவது தடவை இட்லி கேட்டாள்.